டியூப் எத்தனை வோல்ட் ஆட்டுகிறது? ஹைபிரிட் ஆம்ப் வாங்குமுன் கேட்க வேண்டியது

கேள்வி சுருக்கமாக இது: 12க்கு 14 அடி ஹால், தரை முழுக்க டைல்ஸ். 6 ஓம், 86 டெசிபல் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இப்போது அவற்றை ஓட்டுவது ஒரு ஏ.வி. ரிசீவர். கேட்பது கர்நாடக சங்கீதக் கச்சேரிகளும் 70, 80களின் திரைப்பாடல்களும். வயலினும் பெண் குரலும் மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்துகின்றன. டியூபின் (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வால்வின்) இதம் வேண்டும், முழு டியூப் ஆம்பின் சூடும் பராமரிப்பும் வேண்டாம். டியூபையும் டிரான்சிஸ்டரையும் சேர்த்துச் செய்த ஹைபிரிட் ஆம்ப் வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

வாங்கலாம். ஆனால் ஹைபிரிட் என்ற பெயரில் விற்கும் பலவற்றில் டியூப் வெறும் விளக்காகத்தான் எரிகிறது. அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை வாட், எந்த டியூப் என்பதல்ல. அந்த டியூப் எத்தனை வோல்ட் சிக்னலை ஆட்டுகிறது, அதாவது அதன் வெளியீட்டில் சிக்னல் எத்தனை வோல்ட் ஏறி இறங்குகிறது என்பதே. அது ஏன் முக்கியம் என்று தெரிய, "வார்ம் சவுண்ட்" எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முழு டியூப் ஆம்பில் மூன்று காரணங்கள் சேர்ந்து அந்த ஒலியைத் தருகின்றன. முதலாவது, டிரையோடு (மூன்று மின்முனை) வால்வு சிக்னலோடு இரண்டாம் ஹார்மோனிக்கை, அதாவது இரு மடங்கு அலைவெண்ணுள்ள ஒலியைச் சேர்ப்பது. ஆறு கட்டைப் பெண் சுருதியில் மத்திய ஸ்தாயி ச ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாம் ஹார்மோனிக் 440, அதாவது அதே ச, ஒரு ஸ்தாயி மேலே. மூன்றாவது 660, அது மேல் ஸ்தாயி ப. இவை பாட்டோடு இழைந்துவிடுவதால் காது இவற்றைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை, குரலுக்குச் சதை கூடியதுபோல் உணர்கிறது. ஏழாம் ஹார்மோனிக் 1540 ஹெர்ட்ஸ். அது கைசிகி நிஷாதத்துக்கும் சற்றுக் கீழே, எந்தச் சுரத்தானத்திலும் உட்காராமல் நிற்கும். மோசமாக வடிவமைத்த டிரான்சிஸ்டர் ஆம்ப் கரகரப்பாக ஒலிப்பதற்கு இப்படிப்பட்ட உயர் ஹார்மோனிக்குகளே காரணம்.

இரண்டாவது காரணம் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது அவுட்புட் இம்பிடன்ஸ். முழு டியூப் ஆம்பில் இது 2 ஓம் வரைகூடப் போகும். உங்கள் ஸ்பீக்கர் பெயருக்குத்தான் 6 ஓம். உண்மையில் அலைவெண்ணுக்கேற்ப 4 ஓமிலிருந்து 20 ஓம் வரை ஏறி இறங்கும். 2 ஓம் ஆம்போடு சேர்த்தால், 4 ஓம் இருக்கும் இடத்தில் 3.5 டெசிபல் இழப்பு, 20 ஓம் இருக்கும் இடத்தில் 0.8 டெசிபல்தான் இழப்பு. ஆக, யாரும் டோன் கண்ட்ரோலைத் தொடாமலே 2.7 டெசிபல் ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. பலர் "டியூப் சவுண்ட்" என்று ரசிப்பதில் பெரும்பங்கு இதுதான்.

மூன்றாவது, சக்தி தீரும்போது முழு டியூப் ஆம்ப் மெதுவாக மழுங்கும், டிரான்சிஸ்டர்போல் பட்டென்று வெட்டாது.

ஹைபிரிட் ஆம்பில் முன்பகுதி டியூப், ஸ்பீக்கரை ஓட்டும் பின்பகுதி டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) அல்லது கிளாஸ்-டி (டிரான்சிஸ்டர் வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் முறை). அதனால் இரண்டாவது காரணம் இங்கே கிடையாது, வெளியீட்டு மின்மறுப்பு 0.1 ஓமுக்கும் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். மூன்றாவதும் கிடையாது, ஏனென்றால் டியூப் மழுங்குவதற்கு முன்பே டிரான்சிஸ்டர் வெட்டிவிடும். எஞ்சுவது முதல் காரணம் மட்டும். அதையும் கோட்டைவிட்ட சர்க்யூட்டுக்குப் பணம் கொடுப்பது வீண்.

வோல்ட் கணக்கு

டிரையோடில் இரண்டாம் ஹார்மோனிக்கின் விகிதம், டியூபின் வெளியீட்டில் ஆடும் வோல்ட்டேஜ் கூடக்கூட அதே விகிதத்தில் கூடும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

8 ஓமில் 1 வாட் என்பது ஸ்பீக்கர் முனையில் 2.83 வோல்ட். வழக்கமான ஹைபிரிட்டில் டியூபுக்குப் பின்னால் இருக்கும் பவர் பகுதி சிக்னலைச் சுமார் 20 மடங்கு பெருக்கும். அப்படியானால் டியூப் கொடுத்தது 0.14 வோல்ட். இந்த அளவில் நல்ல டியூப் சேர்க்கும் ஹார்மோனிக் மிகச் சொற்பம். வீட்டில் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்தான் என்பதால், இந்த வகை ஆம்பில் ராத்திரி மெல்லிய சத்தத்தில் டியூப் இருப்பதே தெரியாது.

இன்னொரு வகை உண்டு. அதில் வோல்ட்டேஜ் பெருக்கம் முழுவதையும் டியூப் செய்யும். மாஸ்ஃபெட் வோல்ட்டேஜைத் தொடாது, கரண்ட்டை மட்டும் கூட்டிக் கொடுக்கும். அதே 1 வாட்டுக்கு இங்கே டியூப் 2.83 வோல்ட் ஆட்ட வேண்டும், 50 வாட்டுக்கு 20 வோல்ட். முதல் வகையைப்போல் 20 மடங்கு. அந்த ஒலி காதுக்குத் தெரியும். 1980களிலேயே அமெரிக்காவில் மாஸ்கோட் ஆம்புகள் டியூபையும் மாஸ்ஃபெட்டையும் இணைத்து இந்தப் பாதையில் போயின. இன்று பழைய சரக்காக மட்டுமே கிடைக்கும் அவற்றுக்கு இன்னும் ஆள் இருப்பதற்குக் காரணம் இந்தச் சர்க்யூட் முறைதான்.

அடுத்து ஃபீட்பேக், அதாவது வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே கொடுத்துப் பிழையைக் குறைப்பது. ஸ்பீக்கர் முனையிலிருந்து டியூபின் கதோடு (எலக்ட்ரான் கிளம்பும் மின்முனை) வரை ஃபீட்பேக் சுற்றிவந்தால் டியூபின் ஹார்மோனிக்கும் அதில் அடங்கிப்போகும். 20 டெசிபல் ஃபீட்பேக் என்றால் பத்தில் ஒரு பங்காகிவிடும். பவர் பகுதிக்குள் மட்டும் ஃபீட்பேக் இருந்து, டியூப் அதற்கு வெளியே நின்றால் நல்லது. இதை விற்பவர் சொல்ல மாட்டார். ஆனால் தயாரிப்பாளரின் அளவுத்தாளில் ஒரு தடயம் இருக்கும். மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன் 0.01 சதவீதம் என்று பெருமையாகப் போட்டிருந்தால், அது அருமையான ஆம்பாக இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடும் குணம் அதில் இல்லை. 0.1 முதல் 0.5 சதவீதம் வரை போட்டிருப்பது உங்களுக்குக் குறையல்ல. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் தனிக் குரல் அழகாகவே இருக்கும். நிறைய வயலின்கள் சேர்ந்து ஒலிக்கும் திரைப்பாடலில் மட்டும் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும்.

விளக்கா, வால்வா?

விலை குறைந்த சின்னப் பெட்டிகளில் நடப்பது வேறு. 12 அல்லது 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் ஆம்பில் டியூபின் பிளேட்டுக்கு (எலக்ட்ரானை வாங்கும் மின்முனைக்கு) 20, 30 வோல்ட்தான் போகும். 12ஏயு7 டியூபின் தரவுத்தாளில் வழக்கமான பிளேட் வோல்ட்டேஜ் 250, கரண்ட் 10.5 மில்லிஆம்பியர். 12ஏஎக்ஸ்7 அதே 250 வோல்ட்டில் 1.2 மில்லிஆம்பியர். குறைந்த வோல்ட்டேஜில் வேலை செய்யவே பிறந்த ஈசிசி88கூட 90 வோல்ட் கேட்கும், 15 மில்லிஆம்பியரில். இவற்றை 24 வோல்ட்டில் ஓட்டினால் கரண்ட் மிகக் குறைந்து, சின்ன சிக்னலுக்கே முட்டிக்கொள்ளும். அப்போது வருவது இதமல்ல, கொரகொரப்பு. அந்த ஆரஞ்சு வெளிச்சமும் பலவற்றில் சாக்கெட்டுக்கு அடியில் ஒட்டிய எல்.ஈ.டி.தான். இழை சிவந்திருக்கும் உண்மையான டியூபைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே கதோடின் மேல்நுனியில் மங்கலான சின்னச் செம்புள்ளிதான் தெரியும். கண்ணாடி முழுவதும் ஜொலித்தால் கீழே எல்.ஈ.டி. இருக்கிறது.

மூடியைக் கழற்றாமலே ஒன்றைப் பார்க்கலாம். காற்றுத்துளை வழியாக டார்ச் அடித்து டியூபுக்குப் பக்கத்தில் இருக்கும் கப்பாசிட்டர்களைப் பாருங்கள். பெட்டி வடிவத்திலோ உருளையாகவோ இருக்கும் ஃபிலிம் கப்பாசிட்டரில் 250, 400, 630 வோல்ட் என்று அச்சடித்திருந்தால், பக்கத்திலேயே 350 அல்லது 400 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும் நின்றால், பிளேட்டுக்கு உண்மையான உயர் வோல்ட்டேஜ் போகிறது. எல்லாமே 35, 50 வோல்ட் என்றால் அது விளக்கு.

"டியூப் பஃபர்" என்ற சொல்லைக் கண்டாலும் நின்று யோசியுங்கள். பஃபர் என்பது பெரும்பாலும் கதோடு ஃபாலோயர். அந்த இணைப்பில் தன்னுள்ளேயே முழு ஃபீட்பேக் இருப்பதால் ஹார்மோனிக் இயல்பிலேயே மிகக் குறைவு. சரியாகச் செய்தால் எதையும் சேர்க்காது, தவறாகச் செய்தால் இரைச்சலைச் சேர்க்கும். இரண்டுமே உங்களுக்குப் பயனில்லை.

முதலில் ஒரு மலிவான சோதனை

உங்களுக்கு வேண்டியது முதல் காரணத்தால் வரும் இதமா, இரண்டாம் காரணத்தால் வருவதா? இதைத் தெரிந்துகொள்ள இப்போதுள்ள ரிசீவரே போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எந்த எலக்ட்ரானிக் உதிரிக் கடையிலும் 1 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். ரிசீவரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போகும் ஒயரில் ஒன்றைத் தொடராக இணையுங்கள். முனைகள் எங்கும் தொடாதபடி டேப் சுற்றி, ரெசிஸ்டரின் வெள்ளை உடலை மட்டும் ஒரு துண்டு டைல்ஸ் மேல் திறந்து வையுங்கள். அது சுடும், திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 6 ஓமில் 25 வாட் ஓடினால் ரெசிஸ்டரில் 4 வாட் வெப்பம் வரும், 10 வாட் ரெசிஸ்டர் தாங்கும். ரிசீவருக்கு இதனால் ஆபத்தில்லை, அதன் சுமை கூடுவதற்குப் பதில் குறையவே செய்கிறது.

ரிசீவரை டைரக்ட் மோடில் வையுங்கள். ஒலி சுமார் 1.3 டெசிபல் குறையும், அதை வால்யூமில் ஏற்றிச் சரிசெய்துகொள்ளுங்கள். 4 முதல் 20 ஓம் வரை ஆடும் ஸ்பீக்கரில் இது ஏறத்தாழ ஒன்றரை டெசிபல் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். பேஸ் தடித்து, கொஞ்சம் தளரும். டுவீட்டரின் (உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரின்) கூர்மை பின்வாங்கலாம். கிராஸோவர் (ஊஃபருக்கும் டுவீட்டருக்கும் ஒலியைப் பிரிக்கும் சர்க்யூட்) இருக்கும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஸ்பீக்கரின் மின்மறுப்பு உயர்ந்திருந்தால் வயலின் முன்னால் வந்து இன்னும் மோசமாகவும் ஆகலாம். ஒரு வாரம் கேளுங்கள்.

"இதைத்தான் தேடினேன்" என்று தோன்றினால் ஹைபிரிட் உங்களுக்கு அதைத் தராது. ரெசிஸ்டரையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முழு டியூப் ஆம்பைப் பற்றி மறுபடி யோசியுங்கள். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் தொளதொளத்து, குரலில் மாற்றமில்லை என்றால் உங்கள் தேடல் ஹார்மோனிக் பக்கம்தான். ஹைபிரிட் பொருத்தம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவரும் உள்ள ஹாலில் காதைக் குத்துவது பாதி அறைதான். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில், தரையில் ஒலி பட்டுத் திரும்பும் இடத்தில் 4க்கு 6 அடிக் கனமான கம்பளம் போடுங்கள். பவானி ஜமுக்காளம் மெல்லியது, இரண்டாய் மடித்தாலும் மிக உயர்ந்த ஒலியைத்தான் சற்று உறிஞ்சும். பக்கச் சுவரில் எந்த இடத்தில் கண்ணாடியை வைத்தால் நாற்காலியிலிருந்து டுவீட்டர் தெரிகிறதோ, அங்கே தடித்த திரையோ புத்தக அலமாரியோ வேண்டும். இதைச் செய்யாமல் எந்த ஆம்ப் வாங்கினாலும் ஏமாற்றமே.

எத்தனை வாட்

"டியூப் வாட் பெரிய வாட், 20 போதும்" என்று சொல்வார்கள். முழு டியூப் ஆம்ப் மெதுவாக மழுங்குவதால் அந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. ஹைபிரிட்டுக்கு அது பொருந்தாது. பின்னால் இருப்பது டிரான்சிஸ்டர், முடிந்தால் முடிந்ததுதான்.

உங்கள் ஸ்பீக்கரின் 86 டெசிபல் பெரும்பாலும் 2.83 வோல்ட்டுக்கு எடுத்த அளவாக இருக்கும். 6 ஓமில் அது 1.33 வாட். ஒரு வாட்டுக்குக் கணக்கிட்டால் 85கூட இல்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, இரண்டு ஸ்பீக்கரும் அறையும் கூட்டித் தருவதைச் சேர்த்தால், 1 வாட்டுக்கு இருக்கையில் சுமார் 81 டெசிபல் கிடைக்கும். சராசரி 80 டெசிபல் என்பது வீட்டுக்கு நல்ல சத்தம். மிருதங்கத்தின் அடி அதற்கு மேல் 17 டெசிபல்வரை துள்ளும் என்று வைத்தால் 97. அதாவது 16 டெசிபல் கூடுதல், 40 மடங்கு சக்தி, 40 வாட். ஆகவே 8 ஓமில் 50 முதல் 80 வாட் உள்ளது போதும். 50க்கும் 100க்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான், அதற்காகப் பணத்தை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை.

வாட்டைவிட 4 ஓமில் என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். 8 ஓம் அளவைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்காவது 4 ஓமில் இருக்க வேண்டும். மெக்கின்டாஷ் எம்ஏ252 இதற்கு நல்ல உதாரணம்: 8 ஓமில் 100, 4 ஓமில் 160 வாட், முன்பகுதியில் இரண்டு 12ஏஎக்ஸ்7ஏ, இரண்டு 12ஏடி7. விலை பலருக்கு எட்டாது, ஆனால் ஒரு ஹைபிரிட்டின் அளவுத்தாள் எப்படி ஒளிவில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்கு அதைப் பார்க்கலாம். 4 ஓம் அளவே போடாத ஆம்பை விட்டுவிடுங்கள்.

பெயர்கள் வேண்டுமென்றால்: இத்தாலியின் யூனிசன் ரிசர்ச் யூனிக்கோ வரிசை, அதே நாட்டின் பாதோஸ், ஜெர்மனியின் வின்சென்ட், அமெரிக்காவின் ரோக் ஆடியோ ஸ்ஃபிங்ஸ் ஆகியவற்றில் டியூப் விளக்காக அல்லாமல் வால்வாகவே வேலை செய்கிறது. ஸ்ஃபிங்ஸ் 8 ஓமில் 100 வாட், முன்னால் இரண்டு 12ஏயு7, பின்னால் கிளாஸ்-டி. அதனால் அதிகம் சுடாது, ஏசி இல்லாத ஹாலுக்குத் தோதானது. பாதோஸின் கிளாஸ்-ஏ மாடல்கள் குரலுக்கு அபாரமானவை, ஆனால் சும்மா இருக்கும்போதே சூட்டைக் கொட்டும். மே மாதத்தில் மூடிய அலமாரிக்குள் அவற்றை வைப்பது கப்பாசிட்டர்களின் ஆயுளைக் குறைக்கும். எதுவானாலும் மேலே நான்கு அங்குலமாவது இடம் விடுங்கள்.

டியூப் பிரீஆம்ப் ஒன்றை மட்டும் தனியாக வாங்கி இப்போதைய ரிசீவரோடு சேர்க்கலாமா என்ற யோசனை இருந்தால், வேண்டாம். பெரும்பாலான ஏ.வி. ரிசீவர்களில் பவர் பகுதிக்கு நேரடி உள்ளீடு கிடையாது. சாதாரண உள்ளீட்டில் கொடுத்தால் பல மோடுகளில் அது சிக்னலை டிஜிட்டலாக மாற்றி மறுபடி அனலாக்காக்கும். ரிசீவரைப் படத்துக்கு வைத்துக்கொண்டு, பாட்டுக்கு ஹைபிரிட்டைத் தனியாக வைப்பதே ஒழுங்கு.

கடையில் கேட்கும்போது

சத்தம் சற்றுக் கூடினாலே காது அதை "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். அதனால் இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது சத்தத்தை அளந்து சமப்படுத்துங்கள். பென்டிரைவில் 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மல்டிமீட்டரும் அந்த அலைவெண்ணில் ஏசி வோல்ட்டேஜைச் சரியாகக் காட்டும். ஸ்பீக்கர் முனையில் ஒன்று 2.00 வோல்ட் என்றால் மற்றது 2.02க்குள் இருக்கட்டும், வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கும். பிறகு தனி வயலின் ஒன்று, தம்பூராவோடு குரல் ஒன்று, பெரிய வாத்தியக்குழு உள்ள பாட்டு ஒன்று. முதல் இரண்டும் இதமாகி மூன்றாவது குழம்பினால் டிஸ்டார்ஷன் அதிகம். மூன்றுமே மங்கினால் அது வெறுமனே உயர் ஒலியைக் குறைத்துவைத்த ஆம்ப். அந்த வேலையை டோன் கண்ட்ரோலே செய்யும்.

பாட்டை நிறுத்தி, வால்யூமை முழுக்கத் திருப்பி, டுவீட்டரிலிருந்து ஒரு அடியில் காதை வையுங்கள். மெல்லிய "ஸ்ஸ்" சரி. உட்காரும் இடத்தில் "ம்ம்ம்" என்ற 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் வேண்டாம். காதை எடுத்தபின் வால்யூமைக் குறைத்துவிட்டுத்தான் பாட்டைப் போட வேண்டும்.

மின்சாரம்

டியூபின் ஹீட்டருக்கு (கதோடைச் சூடேற்றும் இழைக்கு) வோல்ட்டேஜ் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் ஆயுள் குறையும். ராத்திரி நேரத்தில் 255 வோல்ட் வரை ஏறும் தெருக்கள் உண்டு. ரெகுலேட்டர் இல்லாத சர்க்யூட்டில் 6.3 வோல்ட் ஹீட்டர் அப்போது 6.98ஐத் தொடும், எல்லை 6.93தான். அதனால் ஹீட்டருக்கு டிசி ரெகுலேட்டர் உள்ள ஆம்பைத் தேடுங்கள், இல்லையென்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள். கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையானால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஸ்பீக்கரிலும் கேட்கும். சைன் வேவ் இருக்க வேண்டும், அல்லது அந்த நேரத்தில் ஆம்பை அணைத்துவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவதானால் பின்பக்க வோல்ட்டேஜைப் பாருங்கள். அமெரிக்க மாடல் 120, ஜப்பான் மாடல் 100. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே செய்த டிரான்ஸ்ஃபார்மர், ஸ்டெப்டவுன் போட்டாலும் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சுடும்.

ஸ்பீக்கரில் முனகல் வந்தால் எர்த் பின்னை வெட்டாதீர்கள். உள்ளே 250 வோல்ட் டிசி இருக்கும் பெட்டியில் எர்த்தான் உயிர்க்காப்பு. கம்ப்யூட்டரிலிருந்தோ செட்டாப் பாக்ஸின் கேபிளிலிருந்தோ வரும் கிரவுண்டு லூப்பாக (இரண்டு எர்த் பாதைகளுக்கிடையே சுற்றிவரும் கரண்ட்டாக) இருக்கலாம். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிக் கண்டுபிடித்து, அந்தக் கேபிளில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீரும்.

டியூபை மாற்றுவது

சிறு சிக்னல் டியூபுக்கு 5,000 முதல் 10,000 மணி நேரம் ஆயுள். தினம் நாலு மணி நேரம் என்றால் மூன்றரை முதல் ஏழு ஆண்டு. பராமரிப்பு பயம் வேண்டியதில்லை. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சாரட்டோவ் ஆலை, சீன ஆலைகள் இன்றும் தயாரிக்கின்றன. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஒரு காலத்தில் வால்வு செய்தது. பிரிக்காத பெட்டியில் பழைய "பெல்" ஈசிசி83 கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம்.

பெயர்களில் கவனம் வேண்டும். 12ஏஎக்ஸ்7, ஈசிசி83 ஒன்றே. 12ஏயு7, ஈசிசி82 ஒன்றே. 6டிஜே8, ஈசிசி88 ஒன்றே. 6922 அதன் தேர்ந்த வடிவம், ரஷ்ய 6என்23பி அதற்கு மாற்று. ஆனால் 6என்1பி மாற்றல்ல: அதன் ஹீட்டர் 600 மில்லிஆம்பியர் இழுக்கும், ஈசிசி88 இழுப்பது 365. ரெகுலேட்டர் கருகுவது இப்படித்தான். 6என்2பி டியூபை 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டில் செருகவே கூடாது, ஹீட்டர் பின் இணைப்பே வேறு. 12ஏஎக்ஸ்7 இருக்கும் இடத்தில் 12ஏயு7 செருகினால் ஹீட்டர் எரியும், பாட்டும் வரும், ஆனால் பெருக்கம் 100க்குப் பதில் 17. சர்க்யூட் அதற்கு ஏற்றதல்ல என்பதால் "மாற்றியதும் இதமானது" என்று தோன்றுவதில் பாதி சத்தம் குறைந்ததுதான்.

டியூப் கெட்டால் அடையாளம் உண்டு. மேலே வெள்ளியாக மினுக்கும் பூச்சு பால்வெள்ளையானால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணிபோல் ரீங்கரித்தால் மைக்ரோஃபோனிக். லேசாக இருந்தால் விடலாம், ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே மேஜையில் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். சடசடப்பு வந்தால் டியூபைக் குற்றம் சொல்வதற்கு முன் இடது வலது டியூபை மாற்றிச் செருகுங்கள். சத்தம் டியூபோடு கூடவே போனால் டியூப், அதே பக்கத்தில் நின்றால் சாக்கெட் அல்லது பிளேட் ரெசிஸ்டர். கடலோர ஊர்களில் பின்னில் பச்சை பூத்து இதே சடசடப்பு வரும். காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு மூன்று முறை செருகி எடுத்தாலே போய்விடும். இதையெல்லாம் பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி ஆறும்வரை பத்து நிமிடம் விட்டுச் செய்யுங்கள். மூடியைத் திறந்து உள்ளே கைவைக்கும் வேலை வேறு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர் வெகுநேரம் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும், அதை வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பழைய ஆம்பாக வாங்கினாலும் புதியதாக வாங்கினாலும் வீட்டுக்கு வந்த முதல் நாள் ஸ்பீக்கரை உடனே இணைக்காதீர்கள். வால்யூம் பூஜ்யம், உள்ளீட்டில் எதுவும் இல்லை, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் டிசி மில்லிவோல்ட்டில். ஸ்விட்ச் போட்டதும் டியூப் சூடாகும்வரை ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இணைக்காமல் திறந்திருக்க வேண்டும். 20, 30 வினாடி கழித்து "டிக்" என்று மூடும். அந்தத் தாமதமே இல்லாத ஆம்ப் ஒவ்வொரு முறையும் உங்கள் ஊஃபரைத் தள்ளிப் பார்க்கும். ரிலே மூடியபின் மீட்டர் 50 மில்லிவோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், 20க்குள் இருந்தால் நல்லது. அரை மணி நேரம் விட்டு மறுபடி அளந்து, வலது இடது இரண்டிலும் நகராமல் நின்றால் அப்போது ஸ்பீக்கர் ஒயரை மாட்டுங்கள்.